ஒழுகும் மூலை

யுத்த காலம். குண்டுக்குப் பயந்து பட்டணத்துக்காரர்கள் பட்டாபிராம் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். வாடகையை உயர்த்த நினைத்த ஒரு வீட்டுக்காரர், தரகர் மூலம் ஆள் பிடிப்பதற்காக, வீட்டின் உட்புறத்தைப் படம்பிடித்து வரும்படி என்னை அனுப்பினார். அங்கே குடியிருந்த தையல்காரர் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். என்னைக் கண்டதும் முகம் சுளிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ தையல் மெஷினைத் தானே வெளியே தூக்கி வைத்தார். அறை இருட்டாக இருக்கிறது என்றதும், ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, ஜன்னல் வெயிலை உள்ளே திருப்பிவிட்டபடி நின்றார்.

மூன்று படம் முடிந்ததும், "அண்ணாத்தே, அந்த மூலையையும் ஒண்ணு புடி" என்றார்.

"கறை தெரியக்கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காருங்க."

"மழ பேஞ்சா அங்கதான் ஒழுவுது. தெரியாம தூளிய அங்க கட்டிகினோம். கொழந்தைக்கு ஒரு மாசம் சளி, பொழைச்சதே பெர்சு. வர்றவங்களும் புள்ளகுட்டியோட வருவாங்க இல்ல?"

எடுத்தேன். வீட்டுக்காரர் அந்தப் படத்தை மட்டும் கிழித்துப் போட்டார். நான் தரகரைத் தேடிப் போய் விஷயத்தை வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

தன் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்காக அவ்வளவு கவலைப்பட்ட மனிதரிடம், "நீங்க எங்கே போகப்போறீங்க?" என்று கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை.