தலைமேல் பலாப்பழம்

எண்பதுகளில் நாகலூர் எஸ்டேட் ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, மஞ்சக்குட்டையில் ஷேர் ஜீப் ஏறினேன். கூரை வெறும் படுதா. அதன் மேல் ஆறு பலாப்பழங்களைக் கட்டியிருந்தார் டிரைவர். அதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன் பாருங்கள், என் புத்திகெட்டதனம்.

டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். படுதா தொய்ந்து உச்சந்தலையை அழுத்தியது.

"ஏனுங்க, பழத்தை எறக்கிக் கால்கிட்ட வெய்யுங்க."

"அங்க வெச்சா ரெண்டு ஆளு கொறையுமுங்க. தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்றார், திரும்பாமலே.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் காதருகே கத்துவதற்காகக் குனிந்தபடியே எழுந்து முன்னால் எட்டினேன். அதே நேரம் ஜீப் பள்ளத்தில் இறங்கியது. படுதா கிழிந்து, பெரிய பழம் ஒன்று என் சீட்டில் விழுந்து பிளந்தது.

வண்டியை நிறுத்திப் பின்னால் வந்தவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நல்ல பழமுங்க, நொம்ப நசுங்கிப் போச்சே" என்று அதைத் தடவினார்.

இறங்கி நடந்தேன். இப்போதெல்லாம் படுதா ஜீப் என்றால் கூரையைக் கையால் தள்ளிப் பார்க்கிறேன்; கனமாக இருந்தால் ஏறுவதில்லை. பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்கிறார்கள். அன்று என் தலையைக் காப்பாற்றியது அந்த வாய்தான்.