ஒடியல் மாவில் விழுந்த வளையம்

செய்தி வந்தபோது ஆய்வுகூடத்தில் ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா, காய்ச்சிக்கொண்டிருந்தேன். "யோகராணி அக்கா விடியப்புறம் போயிட்டா" என்றார் அவருடைய தம்பி, நெடுந்தீவிலிருந்து தொலைபேசியில். கேட்டுக்கொண்டு நின்றதில் மா அடிப்பிடித்துவிட்டது. அக்கா கண்டிருந்தால், அழுகையைப் பிறகு வைத்துக்கொள், முதலில் சட்டியைப் பார் என்று ஏசியிருப்பார்.

அந்த மா எதற்கென்று இதே ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்த எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பற்றீரியா என்ற நுண்ணுயிர் தனக்குள் புரதங்களைச் செய்து, சிலவற்றை வெளியே அனுப்பும். மாவைக் கரைக்கும் புரதம் வெளியே வந்தால், மா கலந்த தட்டில் அயடீன் ஊற்றியதும் எங்கும் கருநீலமாக, பற்றீரியாவைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும்.

எங்களுக்கு வளையம் வரவேயில்லை. நெடுந்தீவுக் கரைச் சேற்றில் எடுத்த மரபணு ஒன்றை வேறொரு பற்றீரியாவுக்குள் வைத்திருந்தோம். புரதம் உள்ளே நிறைய உண்டானது, வெளியே வந்தால்தானே? பார்வையிட வந்த மேலிடத்துப் பெரியவர் ஒருவர், வருட முடிவுக்குள் சரிவராவிட்டால் இந்த வேலையை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். அக்கா தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தார். "எங்கட சேறு. எங்கட மேசையிலதான் வேலை செய்யும்." அவருக்கு அது மானப் பிரச்சினை. எனக்கும்தான்.

பிறகொருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "வாரும், எங்கட புரதத்தைக் காட்டுறன்" என்று ஓர் அறைக்குள் கூட்டிப்போனார். உள்ளே பெரிய அலுமாரி. அக்காவுடைய தங்கச்சியின் சீதனத்துக்காகத் தச்சரை அறைக்குள்ளேயே இருத்திச் செய்வித்தார்களாம். முடிந்தபின் பார்த்தால் கதவால் எடுக்க ஏலாது. தங்கச்சி அனலைதீவுக்குப் போய்விட்டார், அலுமாரி போகவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரியும். எங்கட புரதமும் உள்ளுக்கையே மடிஞ்சு முழு உருவமாயிடுது. வாசலோ சின்னன். செய்யச் செய்ய வெளியில விடவேணும்."

வெளியே அனுப்பு என்று வாசலுக்குச் சொல்லும் துண்டொன்று புரதத்தின் முன்னால் இருக்கும். அக்கா அதை மாற்றினார். புதிய துண்டு, புரதம் இன்னும் நூலாக உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதை வாசலுக்குள் செலுத்தும். மடிவது வெளியே நடக்கும். பல தட்டுகள் வீணாகின. கடைசியில், வருடம் முடியுமுன், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வளையம் விழுந்தது. வாசல் காவலாளியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார்.

படம் எடுத்ததும் தட்டைக் கிருமி சாக அவித்து எறியச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. "உண்மையெண்டால் நாளைக்கும் வரும்" என்றார்.

அதே பெரியவர் பிறகு அந்தப் பற்றீரியாவைக் கேட்டு ஆளனுப்பினார். அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்பினார்.

செத்தவீட்டில் அந்த அலுமாரி அப்படியே நின்றது. வந்தவர்களுக்கு அதன் கதையை நானே சொன்னேன், பெருமையாக.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "நாளைக்கும் வரும்" என்ற அந்தச் சொல். திரும்பி வந்து புதிதாக மா காய்ச்சித் தட்டு வார்த்து, அவருடைய பற்றீரியாவை வைத்தேன். இன்று காலை அயடீன் ஊற்றினேன்.

வந்திருக்குது, அக்கா.