வளர்மதி யாரிடமும் சொல்லவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, நான் குன்னூர் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. "தங்கச்சி போயிட்டாளுங்க. அவ போன்ல கடைசியாப் பேசுனது உங்க நம்பருங்க, அதான் கூப்புட்டேன்." பேசியவர் வளர்மதியின் அண்ணன். ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். எட்டு வருடமாகத் தங்கையோடு பேசாதவர். அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சென்னையில், எல்லா வங்கிகளையும் கண்காணிக்கும் மத்திய வங்கி அலுவலகத்தில், வளர்மதியும் நானும் இருபது வருடம் எதிரெதிர் மேசை. அவர் ஊட்டி பக்கம் காந்தல்காரர், நான் குன்னூர். மலைக்காரர்கள் என்ற ஒட்டுதல் எங்களுக்குள் உண்டு. "வட்டி குறையுமா?" என்று சொந்தக்காரர்கள் போனில் நோண்டினால், "அங்க பனி கொட்டுதுங்களா?" என்று கேட்பார். மே மாதத்திலும் இதே கேள்விதான். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராது.

ஒரு நாள் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றின் கோப்பு வந்தது. வங்கி நொடித்திருந்தது. வெள்ளிக்கிழமை முதல் யாரும் பணம் எடுக்க முடியாது என்று உத்தரவு தயாரானது. புதன்கிழமையே அந்த வங்கி வாசலில் கூட்டம். விஷயம் தெரிந்தவர்கள் துடைத்தெடுத்துப் போனார்கள். தெரியாத தேயிலை விவசாயிகள் வெள்ளியன்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அண்ணனின் பணமும் மாட்டிக்கொண்டது. அவர் மகளின் நர்சிங் படிப்பு நின்றது.

உத்தரவு முன்கூட்டியே எப்படிக் கசிந்தது என்று விசாரணை வந்தது. "நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று வளர்மதி என்னைக் கேட்டார். இல்லை என்றேன். 'இவர் சொல்லியிருக்க மாட்டார்' என்று எழுதிக் கொடுத்தார். கோப்பைப் பார்த்தது நாங்கள் இருவர்தான் என்பதால் சந்தேகம் அவர் தலையில் விழுந்தது. பதவி உயர்வு போனது, பிறகு அண்ணன் உறவும் போனது.

போன வாரம் மனசு கேட்காமல், "அந்த வங்கி விஷயத்துல..." என்று போனில் ஆரம்பித்தேன்.

"அங்க பனி கொட்டுதுங்களா?" என்றார்.

சுடுகாட்டில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏனுங்க, ஊருக்கெல்லாஞ் சொன்னவ, கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?" அங்கும் நான் வாய் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வாயால் பேசினால் மழுப்பிவிடுவேன். அதனால்தான் இந்த இரங்கல் கூட்டத்துக்கு எழுதி எடுத்துவந்து படிக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் அண்ணனுக்குச் சொல்கிறேன்: உங்கள் தங்கை யாரிடமும் சொல்லவில்லை. என் மச்சினனிடம் சொன்னவன் நான். அவன் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

போய் வாருங்கள், வளர்மதி. இங்கே பனி கொட்டவில்லை. நல்ல வெயில் அடிக்கிறது.