விமான் நகரில் ஒரு சூடான் அறை

போன ஞாயிற்றுக்கிழமை புனேயில் ஹடப்சரிலிருந்து விமான் நகர் போய்வந்தேன். எங்கள் கீழ்வீட்டு அமீனா அக்காவுக்கு அறை தேடி. அவர் சூடான்காரர், இங்கே கல்லூரியில் படிக்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு யாரும் வாடகைக்குத் தரவில்லை. விமான் நகரில் ஹவா என்ற சூடான் பெண்ணின் அறையில் ஓர் இடம் இருந்தது. அதுவும் இல்லையென்றால் படிப்பை விட வேண்டியதுதான். ஊருக்கும் போக முடியாது, போர். பத்தாவதோடு நின்றவள் நான், படிப்பை விடுவது எப்படி இருக்கும் என்று தெரியும். புனே பேருந்துகளில் எண்கூட மராத்தியில்தான் இருக்கும், அக்காவுக்குப் படிக்க வராது. அதனால் கூச்சத்தை விட்டுக் கூடப் போனேன்.

ஒன்பதரைக்கு ஏறினோம். முண்ட்வா வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். பாலத்தில் நெரிசலில் நின்றபோது, உங்கள் ஊரில் ஏன் சண்டை என்று கேட்டேன்.

அக்கா ஹிந்தியில் சொன்னது இதுதான். வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரைத் தலைநகரை மட்டும் வளர்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஆண்டவர்களும் பள்ளி, ஆஸ்பத்திரி, பதவி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மேற்கே தார்ஃபூரில் சிலர் பங்கு கேட்டு ஆயுதம் எடுத்தார்கள். அங்கே தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்கெனவே தகராறு. அரசு அரபி பேசும் மேய்ச்சல்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து ஏவியது. அந்தப் படையே வளர்ந்து, பின்னால் ராணுவத்தோடு மோதித் தலைநகரையும் எரித்தது.

ஹவா கதவைத் திறந்ததும் அக்கா அரபியில் நலம் விசாரித்தார். அவர்கள் வழக்கப்படி அது நீளமானது: உடம்பு, அம்மா, வீடு என்று ஒவ்வொன்றாக. ஹவா எல்லாவற்றுக்கும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். தான் தார்ஃபூர்க்காரர் என்று அப்போதுதான் சொன்னார். டீ ஊற்றிக்கொண்டே கேட்டார், “உங்க அப்பா என்ன வேலை?”

நம் ஆட்களும் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். உண்மை எதுவானாலும், கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

“ராணுவம்,” என்றார் அக்கா. “தார்ஃபூர்ல இருந்தார். துப்பாக்கி கொடுத்த ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர்.”

ஹவா அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

“ஜன்னல் பக்கக் கட்டில் உனக்கு,” என்றார் வந்து. “இந்த ரூமுக்குள்ள அரபி வேண்டாம். எங்க வீட்டைக் கொளுத்துனவங்க அதுலதான் கத்துனாங்க.”

“என் ஹிந்தி ரொம்ப மோசம்.”

“என்னோடது மட்டும் என்னவாம்?”

விமான் நகர் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பேருந்து குறைவு. வெளிநாட்டு நண்பருக்கு அறை பார்க்கப் போனால் மராத்தி தெரிந்தவர் கூட இருப்பது நல்லது. ஹவா மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கட்டில் கொடுத்தார்.