ராகேல் அடைத்த துளைகள்

போனக்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு வளைவு. அங்கே சரிவைத் தாங்கி நிற்கும் கல்கட்டுக்குக் கல் சுமந்தவள் ராகேல். பாறசாலைப் பக்கத்துக்காரி. புருஷன் செத்தபின் ஒரே மகள் லீலாபாயைக் கூட்டிக்கொண்டு பாதை வேலைக்கு வந்தாள். கட்டு முடிந்த பிறகும், பாதையைப் பராமரிக்கும் மற்ற ஆறு குடும்பங்களோடு அதன் அடியிலேயே குடிசை போட்டுக்கொண்டாள்.

கட்டில் பதினாறு துளைகள் விட்டிருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் பின்னால் அடுக்கிய சரளை வழியாக வந்து அவற்றில் வடிய வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் ஏது? பாம்புதான் குடியிருந்தது. கொல்லம் ஆண்டு 1108, மாசி மாதம் ஒரு மத்தியானம், விளையாடும்போது துளைக்குள் உருண்ட கழங்குக்காயை எடுக்கக் கை விட்ட லீலாவைத் தீண்டிவிட்டது. பொழுது சாயுமுன் எட்டு வயதுப் பிள்ளை போய்விட்டது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பெற்ற வயிற்றுக்கு நடுக்கமா வரும்? வெறிதான் வந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராகேல் களிமண்ணும் கல்லும் திணித்துப் பதினாறையும் அடைத்தாள். அடுத்த வீட்டுச் சுசீலாபாய் களிமண் மிதித்துக் கொடுத்தாள். ஓவர்சியரிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவளைத் தடுக்க யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

இடவப்பாதி மழைக்காலம் பிடித்து ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் காலை ராகேல் கதவைத் திறந்தாள். கல்கட்டு நடுவில் புடைத்திருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் பாதையில் கை நுழைகிற வெடிப்பு. போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளே முட்டி நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“சுசீலா, பிள்ளையளக் கூட்டிட்டு எதிர் மேட்டுக்கு ஓடு! எல்லாரையும் விளி!”

“நீ எங்கட்டி போற?”

“அடைச்சது நானாக்கும். நான்தான் திறக்கணும்.”

கம்பிப்பாரையால் குத்தினாள். முதல் துளை உடைந்ததும் செஞ்சேறு பீறிட்டு மார்பில் அடித்தது. வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், அடுத்ததைக் குத்தினாள். லீலா கை விட்ட துளைக்கு வந்தபோது கை ஓடவில்லை. “என் மக்ளே!” என்று அலறிக்கொண்டே அதையும் குத்தினாள். மத்தியானத்துக்குள் பதினாறிலும் தண்ணீர் கொட்டியது. கட்டு விழாமல் நின்றது.

மறுநாள் வந்த ஓவர்சியர் நீலகண்டன் வெடிப்பையும் துளைகளுக்கு அடியில் கிடந்த களிமண் கட்டிகளையும் பார்த்துக் கொதித்தார். “எந்த மடையன் அடைச்சான் இந்த ஓட்டையெல்லாம்? ஏழு குடும்பமும் மண்ணுக்குள்ள போயிருக்குமே!”

ராகேல் முன்னே வந்தாள்.

“நானாக்கும் சாமி. இந்த ஓட்டையில இருந்த பாம்புதான் என் பிள்ளையக் கொண்டு போச்சு.”

ஓவர்சியர் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தார்.

“வேலைய விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா ஓட்டைக்கு ஓட்டை கம்பிவலை வச்சுத் தரணும். வெள்ளமும் போவும், பாம்பும் ஏறாது.”

“வச்சுத் தரேன்,” என்றார் அவர், குரல் இறங்கி. “இதை முன்னாடியே கேட்டிருக்கப்படாதோ?”

“கேட்டிருக்கலாம் சாமி. என் பிள்ளை இருந்தப்பவே கேட்டிருக்கலாம்,” என்றாள் ராகேல்.