கையைப் பின்னால் கட்டு

எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைக்கு நான் அதிகாரியானதற்கு ஒரே தகுதி, அதைப் பற்றிப் பேசிய ஆசிரியர் கூட்டத்துக்கு நான் போகாததுதான். அன்றைக்கு ஒரு காதுகுத்து வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் என் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். "உங்களுக்குத்தான் சார் ஒடம்பு இருக்குது" என்றார் முதல்வர். உடம்பு இருந்தது வாஸ்தவம். அதில் பெரும்பகுதி வயிற்றில் இருந்தது. நான் வணிகவியல் வாத்தியார். அதுவரை நான் யாரையாவது வரிசையில் நிற்கச் சொன்னது பந்தியில்தான்.

வடக்கே மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இந்தியில் கத்தினால் நிற்கவும், இந்தியில் கத்தினால் நடக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். தொப்பை காணாமல் போனது. ஊருக்கு வந்த ஒரே மாதத்தில், மேய்ச்சலுக்குப் போன மாடு மாதிரி அதுவாகவே வீடு திரும்பிவிட்டது.

என் வேலை, பட்டப்படிப்புப் பிள்ளைகளை ராணுவ அதிகாரிகளாக்குவது. சிப்பாயாகப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. ஓடத் தெரிந்த பையன்களெல்லாம் விடியற்காலையில் சாலையோரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிகாரியாகப் போவது வேறு கதை. அதற்கென்று ஒரு தேர்வு வாரியம் பெங்களூரில் ஐந்து நாள் உட்காரவைத்து, ஓடவிட்டு, பேசவிட்டு, கயிற்றில் தொங்கவிட்டுப் பிழிந்தெடுக்கும். எங்கள் கல்லூரியிலிருந்து அதைத் தாண்டியவர் அன்றுவரை ஒருவரும் இல்லை.

பிள்ளைகளை நான் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இண்டூர் என்றால் ஒருவன் ஓடி வருவான், நல்லம்பள்ளி என்றால் இன்னொருவன். இவர்களில் எனக்கு நம்பிக்கை இருந்தது மாரண்டஹள்ளியின் மேல். அவள் ஒரு தக்காளி விவசாயியின் மகள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வியாபாரிகளிடம் கன்னடம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவாள். நான்காவதாக ஆங்கிலத்தையும் அதே துணிச்சலோடு பேசினாள். ஓடச் சொன்னால் பையன்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடினாள். வாரியத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது அவளுக்கு மட்டும்தான்.

கடிதம் வந்த வாரத்தில் அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசினார்.

"ஒரே ஒரு தடவ போவட்டுங்க சார். கெடச்சா பட்டாளம். கெடைக்கலன்னா பி.எட். சேத்தி வுட்டுருவேன். உங்களாட்டம் நெழல்ல ஒக்காந்து சம்பளம் வாங்கட்டும்."

என் உத்தியோகத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை. இன்னொரு தடவை கூடக் கொடுக்கலாமே என்று இழுத்துப் பார்த்தேன். "ஒரு தடவன்னா ஒரு தடவதாங்க" என்றார். அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மைதானத்தின் கோடியில் தடைப் பாதை ஒன்று அமைத்தோம். இடித்த வகுப்பறையின் செங்கல்லில் ஆறடிச் சுவர், புளியமரத்தில் கிணற்றுக் கயிறு, இரண்டு தார் டிரம், நாலு பலகை. கழிப்பறை கட்ட வந்த மணலில் பாதி, குதிக்கிற இடத்துக்குத் தானாகவே நடந்து வந்துவிட்டது. மாதிரித் தேர்வு நடத்த, சேலத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரை அழைத்தேன். மீசையைப் பார்த்ததுமே பிள்ளைகள் விறைத்துப்போனார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் தனியாகப் பாரம் தூக்குவதை இவர்களால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. தக்காளிப் பெட்டியோ, தண்ணீர்க் குடமோ, மக்கர் செய்கிற மினி பஸ்ஸோ, முன்பின் தெரியாத ஆளாயிருந்தாலும் ஓடிப்போய் ஒரு கை பிடித்துவிட்டுத்தான் மறுவேலை. கூப்பிடக்கூட வேண்டாம், கூப்பிடுகிற வரைக்கும் காத்திருந்தால் கேவலம் என்று நினைக்கிறவர்கள்.

கர்னல் விதியை மூன்று தடவை சொன்னார். ஒவ்வொருவரும் தனியாகப் பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும், மூன்று நிமிடம், மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். விசில் ஊதினார். மாரண்டஹள்ளி ஓடிப்போய்ச் சுவரில் ஒரு காலை வைத்தாள். அந்தக் கால் அரை நொடி சறுக்கியது. அவ்வளவுதான். இண்டூர் ஓடிப்போய் அவள் பாதத்தைத் தாங்கினான். நல்லம்பள்ளி சுவருக்கு மறுபக்கம் போய் நின்று, "குதி, நான் இருக்கேன்" என்றான். அவள் கயிற்றுக்கு வருவதற்குள் நாலு பேர் கயிற்றை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், சிறப்பு விருந்தினராக வேடிக்கை பார்க்க வந்த எங்கள் முதல்வர்.

கர்னல் விசிலை ஊதி ஊதி ஓய்ந்தார். "தனியா. தனின்னா என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார். பிறகு கால்மணி நேரம் தனித்திறமை பற்றிப் பேசினார். யாராவது உதவினால் உதவியவருக்கும் வாங்கியவருக்கும் பூஜ்யம் என்றார். பேசி முடித்துக் கோபமாகப் போய்க் காரில் ஏறினார். கார் கிளம்பவில்லை. முப்பது பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிப்போய், அதை மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். இந்த வியாதியைக் குணப்படுத்தாவிட்டால் அவளுடைய ஒரே வாய்ப்பு போய்விடும். மறுநாளிலிருந்து, கையைப் பின்னால் கட்டு என்பது எங்கள் மைதானத்தின் வேதமாயிற்று. ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் கைகளைப் பின்னால் கோத்து உட்கார வேண்டும். எழுந்தால் ஐந்து சுற்று. முதல் வாரத்தில் நல்லம்பள்ளி மட்டும் அறுபது சுற்றாவது ஓடியிருப்பான். அதற்கப்புறம் கைகளைக் கைக்குட்டையால் கட்டிவிடச் சொல்லி அவனாகவே கேட்டான்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் இல்லையே நான். கேன்டீன் அக்காவுக்கு வரும் கேஸ் சிலிண்டரை ஆட்டோக்காரர் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். வழக்கமாக எங்கள் பிள்ளைகள் யாராவது அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் அந்த வழக்கத்தையே பாடமாக்கினேன். யாரும் அசையக்கூடாது என்று உத்தரவு. முப்பது பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா அந்தச் சிலிண்டரை உருட்டியும் இழுத்தும் மைதானத்தைக் கடந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். மாரண்டஹள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நல்லம்பள்ளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா என் அருகில் வந்து நின்றார். "என்னா சார், புள்ளைங்களுக்குக் கைகால் வெளங்கலியா?"

"பயிற்சிங்க அக்கா. அடுத்தவங்க வேலையில தலையிடாம இருக்கற பயிற்சி."

"இதுக்குப் பட்டாளத்துக்கு எதுக்குப் போவணும்? ஆபீசுலயே அப்படித்தான இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிலிண்டரை உருட்டினார். அந்த வாரம் முழுக்க எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ வந்தது. நானும் கேட்காமல் குடித்தேன்.

இரண்டு மாதத்தில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஒருவன் டிரம்மோடு உருண்டு விழுந்தாலும் மற்றவர்கள் கோயில் சிலை மாதிரி அமர்ந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவள் பெங்களூருக்குப் போனாள். முதல் நாளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இவள் நின்றாள். மூன்றாம் நாள் மாலை ஆறு மணி சுமாருக்குப் போன் வந்தது. குரலில் உற்சாகம்.

"சார், பத்துல ஒம்போது முடிச்சேன் சார். இன்னொண்ணுங்க சார். எனக்கு அப்பறம் போன புள்ள மேடையிலருந்து குதிச்சிக் காலு மடங்கி விழுந்துட்டா. அதிகாரி அந்தக் கோடியில இருந்தாரு. எங்க குரூப்புல மத்த அஞ்சு பேரும் எந்திரிச்சி ஓடிட்டாங்க. நானும் எந்திரிச்சேன். அப்பறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. கையப் பின்னால கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டேன்."

"சபாஷ்" என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். சாம்பார்க் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஒரு புள்ள கால் மடங்கிக் கெடக்குது. இவ பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. அதுக்கு நீங்க சபாஷ் சொன்னீங்களா?"

"அது விதிம்மா. தனித்தனியா..."

"விழுந்தவங்களத் தூக்கறதுக்கு விதி பாக்கற ஆளுக்குக் கீழ எவன் சண்டைக்குப் போவான்?"

என் மனைவி ராணுவத்தைப் பற்றிப் படித்ததில்லை. அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறாள். ஓட்டத்தில் உதவுவதும் விழுந்தவளைத் தூக்குவதும் வேறு வேறு என்று நான் ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கே அது தோன்றியதில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் முடிவு வந்தது. தேறியவர்களின் எண்களைப் படித்தபோது அவள் எண்ணைப் படிக்கவில்லை. வாரியம் யாருக்கும் காரணம் சொல்லாது. வேறு ஏதாவது குறைகூட இருந்திருக்கலாம். ஆனால் கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிற அறையில், அஞ்சு பேர் ஓடினார்களே, நீ ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார்களாம். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலிருந்து போனில் சொன்னாள்.

"என்னா சொன்ன?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னேன் சார்."

"எங்க சார் அப்படிச் சொல்லிக்குடுத்தாருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஓடுன அஞ்சு பேருக்கும் சொல்லிக்குடுக்க ஒரு சாரு இருந்திருப்பாங்கல்ல சார், அப்படியும் ஓடுனாங்களே" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அது நல்ல பேச்சு, முன்னுரையெல்லாம் இருந்தது. அவர் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு வரிசை தள்ளிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள். முன்னுரை மறந்துவிட்டது.

"தப்பு எம்மேலதாங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கைகட்டிப் பயிற்சி, சிலிண்டர், விழுந்த பெண், சபாஷ், ஒன்றையும் விடவில்லை. அவள் ஏதோ குறுக்கே சொல்ல வந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவளிடம் திரும்பி, "எனக்குக் கெடைக்கலப்பான்னு மட்டும்தான சொன்ன" என்றார்.

அவர் வரப்பில் வந்து உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். என் பேண்ட்டில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ஒரு தடவன்னு நான் சொன்னது யாருக்குங்க சார்?"

"உங்க பொண்ணுக்கு."

"இப்பப் போயிட்டு வந்தது யாரு? இவ மனசு எந்திரின்னுச்சு, எந்திரிச்சா. அப்பறம் ஒக்காந்தது நீங்கதான? பரீட்ச நீங்க எழுதி, நீங்க ஃபெயிலாயிட்டு வந்திருக்கீங்க. எம்புள்ள இன்னும் போவவே இல்லியே."

இருபது வருஷமாக மற்றவர்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். என்னை இவ்வளவு சரியாக யாரும் திருத்தியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது. அவள் கயிற்றுக் கண்டைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

"பி.எட்.?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"அது எங்கியும் ஓடிப்போவாதுங்க. அடுத்தது எப்பன்னு பாத்து எழுதிப் போடுங்க." பிறகு எழுந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னார்: "இந்த தடவ மட்டும் நீங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்காதீங்க சார்."

சரிங்க என்றேன். அவள் போனை நீட்டினாள். வரப்பிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தோம். பாதியில் அவள், "சார், இந்த எடத்துல என்னா போடறது?" என்று கேட்டாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.