கப்பல் சாயாமல் இருக்க

2012 ஏப்ரல் 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். திருகோணமலையில் வானம் வெளுத்துக் கிடந்தது, கிழக்கில் மட்டும் ஒரு மேகம். காற்று இல்லை. கப்பலின் கொடி காயப்போட்ட துணியைப் போலத் தொங்கியது. இதையெல்லாம் பார்த்து வைக்க எனக்கு நேரம் கிடைத்ததற்குக் காரணம், கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த பலகையின் முன்னால் என் மனைவி நின்றுவிட்டதுதான். எங்களுக்குப் பின்னால் இருபத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

"எத்தின பேர் ஏறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஒம்பது. நீயும் நானும்தான் மிச்சம்."

"நீங்க ஏறுங்க. நான் பின்னால வாறன்."

"நான் ஏறின பொறகு நீ வராட்டி?"

"நீங்க எறங்கி வாங்க. எறங்க ஏலாதா?"

"எறங்கலாம். கிழிச்ச டிக்கட்டோட திரும்ப ஏற ஏலாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். "கடலுக்கு வந்தும் பஸ் சட்டம்தான் கதைக்கிற" என்று சொல்லி, பிஸ்மி ஓதி, என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பலகை பதினோரு அடி நீளம் இருக்கும். அதைத் தாண்டும் வரை அவள் கீழே பார்க்கவில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கட் பரிசோதகராக இருந்தவன். பிரயாணிகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மிதிபலகையில் நிற்காதே என்றால் அங்கேதான் நிற்பார்கள். தலையை வெளியே நீட்டாதே என்று எழுதியிருக்கும் யன்னலால்தான் நீட்டுவார்கள். ஆகவே மூத்த மருமகன் குடும்பத்தோடு கப்பலில் போய்த் திமிங்கிலம் பார்க்க டிக்கட் எடுத்துவந்தபோது, முதலில் நான் கேட்ட கேள்வி, எத்தனை பேருக்கு எத்தனை லைஃப் ஜாக்கெட் என்பது. அவர் சிரித்துக்கொண்டு, "மாமா, ஆளுக்கு ஒண்டு. உங்களுக்கு ரெண்டு வாங்கித் தாறன்" என்றார்.

அது பழைய பிரயாணிகள் கப்பல். யுத்தம் முடிந்த பிறகு அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, விடுமுறைக் காலங்களில் சனங்களை ஏற்றிக்கொண்டு ஆறு மணித்தியாலம் ஆழ்கடலில் சுற்றிக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு அரை டிக்கட். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏழு பேர்: நாங்கள் இருவர், இரண்டு மகள்மார், இரண்டு மருமகன்மார், கடைசி மகன். பேரப்பிள்ளைகள் நாலு.

ஆனால் பெரிய கேள்வி, மனைவி வருவாளா என்பது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கல்முனையில் கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் குடியிருந்தோம். ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். அவள் நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரத்துக்குள் நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். அவளுடைய தங்கச்சி மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷமும் சில மாதங்களும் என் மனைவி கடலைப் பார்க்கவில்லை. கடற்கரை வீதியால் போகிற பஸ்ஸில் ஏறினால்கூட மற்றப் பக்க ஆசனத்தில்தான் இருப்பாள். பேரப்பிள்ளைகள் கெஞ்சியதால் இந்தப் பயணத்துக்கு ஓம் சொன்னாள். நாங்கள் யாரும் அதை நம்பவில்லை.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை பின்னேரம், சுமாத்திராவில் பூமி அதிர்ந்தது. கடல் வரலாம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கல்முனை முழுக்க உள்ளுக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். இந்த முறை அவள் ஒருவரையும் தன் கைக்கு எட்டாத தூரத்தில் விடவில்லை. கடல் வரவில்லை. இரவு வீட்டுக்குத் திரும்பி வந்தோம். நான் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, டிக்கட் காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன். தரமாட்டார்களாம்.

குசினிக்குள் இருந்து அவள் அதைக் கேட்டுவிட்டாள். "ஏன் திருப்பிற? போறதுதான். வராத கடலுக்குப் பயந்து இன்டைக்கு இந்த ஓட்டம் ஓடினம். ஒரு தரம் நாமளே போய்ப் பாத்துட்டு வருவம். ஆனா ஒண்டு. கப்பலுக்குள்ள பதினொரு பேரும் என்ட கைக்கெட்டுற தூரத்துல இரிக்கணும். ஒராள் எழும்பி நடந்தாலும் நான் கத்துவன்."

அவள் கத்துவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுக்கடலில் கத்தினால் பெல் அடித்து இறங்க முடியாதே என்பதுதான் என் கவலை. அந்த மூன்று இரவும் நான் சரியாக உறங்கவில்லை.

கப்பலில் ஏறியதும் நான் அறிவித்தல் பலகையை வாசித்தேன். சிங்களத்தில் ஏழு சட்டங்கள், தமிழில் ஆறு. விடுபட்ட ஏழாவது, வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்பது. மூத்த மருமகனின் இரண்டு கைகளிலும் கிண்ணியாவில் சொந்தக்காரர் வீட்டில் விடியச் சமைத்த நெய்ச்சோறும் கோழிக்கறியும் இருந்தன. மகனின் தலையில் இரண்டு சஹன்கள். வெள்ளை உடுப்புப் போட்ட இளம் அதிகாரி ஒருவர் அவற்றை நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற தட்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மருமகன் முந்திக்கொண்டார். "தம்பி, தமிழ்ல அப்பிடிச் சட்டம் இல்லையே."

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பதால் நான் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிகாரி தமிழ்ப் பலகையை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்து, ஐந்நூறு ரூபாய் மேலதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு சோற்றை உள்ளே விட்டார்.

அடுத்த சிக்கல் அப்படித் தீரவில்லை. எங்கள் டிக்கட்டுகளில் ஐந்து மேல்தளம், ஆறு கீழ்த்தளம். அவரவர் இலக்கத்தில்தான் இருக்க வேண்டும், ஒரே பக்கத்தில் கூடக் கூடாது, கப்பல் சாயும் என்றார் அதிகாரி. எங்கள் பேச்சு சிங்களத்தில் நடந்தது. நான் என் பழைய வேலையைச் சொன்னேன். மனைவியின் நிபந்தனையையும் சொன்னேன். புதன்கிழமை நடந்ததை அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவருடைய ஊரும் கடற்கரைதான்.

"ஐயா, நீங்களே பரிசோதகராக இருந்தவர். ஒரு குடும்பத்துக்கு விட்டால் எல்லாக் குடும்பத்துக்கும் விட வேண்டும்" என்றார். முப்பத்தொரு வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன வசனம்.

மனைவி என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். "சாப்பிடுறதுக்கு எங்க இரிக்கலாமாம்? அதக் கேளுங்க."

கேட்டேன். கீழ்த்தள மண்டபத்தின் நடுவில், தரையில். நடுவில் இருந்தால் பாரம் ஒரு பக்கம் போகாது. சாப்பிட்டு முடிந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

"அப்ப சாப்பாட்ட வைங்க" என்றாள்.

"இப்பவா? மணி ஏழேகால்" என்றாள் மூத்த மகள்.

"வைகா புள்ள. சாப்பிட்டு முடியிற வரைக்கும்தானே எழுப்ப மாட்டாங்க. மெதுவாத் தின்னுங்க எல்லாரும்."

பாயை விரித்து இரண்டு சஹனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் அவள். லைஃப் ஜாக்கெட்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்தால் நாடி ஜாக்கெட்டுக்குள் போய்விடும், கை சோற்றுக்கு எட்டாது. ஆனாலும் நான் ஒருவரையும் கழற்ற விடவில்லை. பதினோரு செம்மஞ்சள் மூட்டைகள் நெய்ச்சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்ததை மற்றப் பிரயாணிகள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். திமிங்கிலம் வரும் வரை அவர்களுக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

எட்டு மணிக்கு அதிகாரி எட்டிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எட்டரைக்குப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குச் சோறு முடிந்துவிட்டது. சின்ன மருமகன் எலும்பு ஒன்றை இருபது நிமிடமாகக் கடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

"இன்னும் முடியவில்லையா ஐயா?"

என் மனைவிக்கு முன்னால் சஹனின் ஓரத்தில் ஒரு பிடி சோறு இருந்தது. அவள் அதைச் சுட்டிக் காட்டினாள். நான் விளக்கினேன்: சஹனில் ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் மற்றவர்கள் எழும்புவது எங்களிடம் மரியாதை இல்லை. அதிகாரி அந்த ஒரு பிடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேல்தளத்துக்கு ஏறிப் போய்விட்டார்.

"மாமி, இந்தப் புடிய நீங்க ஒரு மணிக்குத்தான் தின்பீங்க போல" என்றார் மூத்த மருமகன்.

"நீங்க கதைக்காம இரிங்க. உங்களாலதான் எல்லாம்."

அந்த இரண்டே கால் மணித்தியாலத்தில் அவள் ஒரு தரமும் யன்னல் பக்கம் திரும்பவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எண்ணினேன். எப்போதும் பதினொன்று.

ஒன்பது மணி முப்பத்தைந்துக்கு ஒலிபெருக்கி அலறியது. வலது பக்கத்தில் திமிங்கிலம். ஒரே பக்கத்தில் கூடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள். சொல்லி முடிக்கும் முன் மேல்தளமும் கீழ்த்தளமும் வலது பக்கக் கம்பியில் தொங்கின. கப்பல் கொஞ்சம் சாய்ந்தது. எங்கள் தண்ணீர்க் கூசா பாயை விட்டு வழுக்கிப் போனது.

நான் பாய்ந்து எழும்பினேன். எழும்பிய பிறகுதான், எனக்கு முன்னமே ஒருவர் எழும்பியிருப்பது தெரிந்தது. எண்ணினேன். இருந்தவர்கள் ஒன்பது. என்னோடு பத்து.

சஹனின் ஓரத்தில் அந்த ஒரு பிடி சோறு அப்படியே இருந்தது. அவள் இல்லை.

கதவால் பார்த்தேன். சனத்துக்குள் புகுந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முக்காடு ஒரு பக்கம் விலகி, கடலைப் பார்த்தபடி நின்றாள். கையைக் கழுவவும் இல்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அதிகாரி ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"ஐயா, உங்களுக்குப் பழக்கம்தானே, ஆட்களை மற்றப் பக்கம் வரச் சொல்லுங்கள்."

எனக்கு முப்பத்தொரு வருஷக் குரல் அப்படியே வந்தது. "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, எடம் இரிக்கி" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. பஸ்ஸிலும் அசைந்ததில்லை.

"உங்கள் மனைவியையாவது கூப்பிடுங்கள்" என்றார் அதிகாரி.

அவளைக் கூப்பிடுவதைத் தவிர அந்தக் கப்பலில் எந்தச் சட்டத்துக்கும் நான் கட்டுப்பட்டிருப்பேன். "அவ நிக்கட்டும், நான் மற்றப் பக்கம் போறன்" என்று சொல்லிவிட்டு இடது பக்கக் கம்பிக்குப் போனேன். முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

மண்டபத்தின் நடுவிலிருந்து மூத்த மருமகன் கத்தினார். "மாமா, உங்கட அம்பத்தெட்டு கிலோவால கப்பல் நிமிருமா? மாமிட பாரமே எழுவத்தொண்டு."

"அப்ப நீங்களும் வாங்க."

அவர் வந்தார். வந்தவர் சின்ன மருமகனையும் எலும்போடு இழுத்துவந்தார். மூன்று பேரும் இடது பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் பக்கத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றப் பக்கத்திலிருந்து இரண்டு தரம் பெரிய சத்தம் கேட்டது. இரண்டு தரமும் நான் திரும்பியது அவள் நிற்கிறாளா என்று பார்க்கத்தான். பதினேழு நிமிடம் நின்றாள். கத்தவில்லை.

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து எங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கப்பல் சாயாம மற்றப் பக்கம் நிண்டன்."

அவள் சிரித்த சிரிப்பில் லைஃப் ஜாக்கெட் குலுங்கியது. "பெரிய மலையாட்டம் வந்திச்சி. வாலத் தூக்கிக் காட்டிட்டு மறுகா உள்ளுக்குப் போய்ட்டு. நம்மளக் கணக்கே எடுக்கல்ல." சஹனைத் தன் பக்கம் இழுத்தாள். "தங்கச்சி பாத்திருந்தா கத்தியே கப்பலக் கவுத்திருப்பாள்" என்றாள். தங்கச்சியைப் பற்றிச் சிரித்துக்கொண்டு அவள் பேசியது அதுதான் முதல் தரம். பிறகு அந்த ஒரு பிடி ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டு முடித்து, "சரி, எல்லாரும் எழும்பி அவங்கவங்கட சீற்றுக்குப் போங்க" என்றாள்.

நாங்கள் போனோம். அவள் இலக்கம் கீழ்த்தளத்தில் யன்னலோரம். கரைக்கு வரும் வரை அதில் இருந்தாள்.

இறங்கும் இடத்தில் கப்பல்காரர்கள் எடுத்த புகைப்படங்களை விற்றார்கள். ஒன்றில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாய் திறந்திருக்கிறது, கம்பியில் நெய் மினுங்குகிறது. விலை அதிகம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கல்முனைக்கு வந்து கண்ணாடிச் சட்டமும் போட்டு, வாசலில் நுழைந்தால் தெரியும்படி மாட்டினாள். வருகிறவர்கள் படத்தில் நான் எங்கே என்று கேட்டால், "அவர் மற்றப் பக்கம் நிண்டார்" என்பாள்.

டிக்கட் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு, வான் பதினோராயிரம், நெய்ச்சோற்றுக் கட்டணம் ஐந்நூறு, படம் முந்நூற்றைம்பது, சட்டம் நானூறு. டிக்கட் காசை மூத்த மருமகனிடம் கொடுத்துவிட்டேன், அவர் தர வந்த பங்கை நான் வாங்கவில்லை. மொத்தம் முப்பத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.